ஸ்கிரீன் வந்தால் யார் யாரைப் பிடிப்பது? என்.பி.ஏ. 2கே தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

என்.பி.ஏ. 2கே என்ற கூடைப்பந்தாட்ட வீடியோ விளையாட்டில் நான்கு மாதம் ஒரே விதமாகத் தோற்றேன். விசுவமடுவில் எங்கள் வீட்டு முன்னறையில், பக்கத்துக் கதிரையில் இருக்கும் அக்காவின் மகனிடம். வயது பதினான்கு. அவன் எல்1 பொத்தானை அழுத்திப் பிடிப்பான்; அவனுடைய சென்டர், அதாவது வளையத்துக்கு அருகில் ஆடும் உயரக்காரர், மேலே ஏறி வந்து என் ஆட்டக்காரருக்குக் குறுக்கே நிற்பார்; நான் பதறிப்போய் ஏதோ ஒரு பொத்தானை அழுத்துவேன். அடுத்த கணம் என் ஆட்கள் இருவரும் பந்தை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். அவனுடைய சென்டர் வளையத்துக்குக் கீழே கையை உயர்த்தியபடி தனியே நிற்பார். "மாமா, திரும்பவும் அதே பிழை" என்பான். எந்தப் பிழை என்று மட்டும் சொல்ல மாட்டான்.

எங்கள் பக்கத்தில் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் தெரியாத பிள்ளை இல்லை. கூடைப்பந்தாட்டம் ஆடிப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே விளையாட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபின் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை. நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல். ஸ்கிரீன் என்றால் இங்கே தொலைக்காட்சித் திரை அல்ல. பந்து வைத்திருப்பவரின் தோழர் ஒருவர் வந்து, பந்துக்காரரைத் தடுக்கும் ஆளுக்குக் குறுக்கே அசையாமல் நிற்பதுதான் ஸ்கிரீன். மறித்து நிற்பவர் பிறகு வளையத்தை நோக்கித் திரும்பி ஓடினால் அதற்கு ரோல் என்று பெயர்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிளில் ஒருவரைப் பின்தொடர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றை உரசினாற்போல் கடந்துவிடுகிறார். உங்களுக்கு முன்னால் வைக்கோல் மலை. செய்யக்கூடியவை மூன்று. அவர் போன பக்கத்தாலேயே ஒட்டிக்கொண்டு நீங்களும் கடக்கலாம். மற்றப் பக்கத்து மண்கரையால் இறங்கிப்போய் முன்னால் மறிக்கலாம். இல்லையென்றால் அடுத்த சந்தியில் நிற்கும் நண்பரிடம் "இனி நீ பிடி" என்று விட்டுவிடலாம். ஸ்கிரீனைத் தடுக்கும் கலை முழுவதும் இந்த மூன்றுக்குள்தான். என் நான்கு மாதத் தோல்வி நான்காவது வழியால் வந்தது: வைக்கோலுக்குப் பின்னால் பிரேக் போட்டுக்கொண்டு யோசிப்பது.

1. வாங்கும் முன்: பணம், அட்டை, டேட்டா

என்.பி.ஏ. 2கே ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் புதிதாக வெளிவருகிறது. வெளிவரும்போது சாதாரணப் பதிப்பின் விலை 60 முதல் 70 அமெரிக்க டாலர். அன்றைக்கு வாங்காதீர்கள். சில மாதம் பொறுத்தால் தள்ளுபடி வரும். காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் பார்த்தால் விலை பெரும்பாலும் நன்றாகவே இறங்கியிருக்கும்.

மலிவு என்பதற்காக மிகப் பழையதையும் வாங்காதீர்கள். ஒரு பதிப்பு வெளியாகி இரண்டு ஆண்டும் சில மாதமும் ஆனபின், டிசெம்பர் கடைசியோடு அதன் இணையச் சேவையை மூடிவிடுவது வழக்கம். நான் ஒரு பழைய பதிப்பை ஆசையாக வாங்கியது நவம்பர் நடுவில். ஆறு வாரம்தான் இணையத்தில் ஆடினேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. மூடும் திகதியைத் தேடிப் பார்க்காதது நான்.

எந்த இயந்திரம் என்பது அடுத்த கேள்வி.

கணினியில் ஆடுவதானால் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கணக்கு தேவை. மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும். விலை டாலரில் கழியும். அதனால் உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பல டெபிட் அட்டைகளில் அது மூடப்பட்டே வருகிறது. அடையாள அட்டையோடு ஒருமுறை கிளைக்குப் போனால் முடிந்துவிடும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கணினி தாங்குகிறதா என்பதை அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் தீர்மானியுங்கள். இணையத்தில் ஆட மாதக் கட்டணம் இல்லை.

பிளேஸ்டேஷன் என்றால் சிக்கல் கூடுதல். பிளேஸ்டேஷன் ஸ்டோர் இயங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பலர் வேறு நாட்டைக் காட்டிக் கணக்குத் திறக்கிறார்கள்; அது நிறுவன விதிகளுக்குப் பொருந்தாது என்பதையும், ஒருமுறை தெரிவுசெய்த நாட்டை மாற்ற முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். நம் அட்டைகளை அந்தக் கடை பெரும்பாலும் ஏற்காது. இணையத்தில் மற்றவர்களோடு ஆடத் தனியாகச் சந்தா வேறு. இந்த அலைச்சல் வேண்டாம் என்றால் விளையாட்டை டிஸ்க் தட்டாக வாங்கி, வீட்டில் இருவராக ஆடுங்கள். பழகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

இனி டேட்டா. இதில்தான் வன்னியில் இருப்பவர்கள் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். கணினிப் பதிப்புக்குச் சுமார் 150 ஜிபி இடம் வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அவ்வளவையும் இறக்க ஏறக்குறைய 33 மணித்தியாலம். இரவு நேர டேட்டா ஏழு மணித்தியாலம் கிடைக்கிறது என்றால் ஐந்து இரவு. பகல் டேட்டாவில் தொடங்கிவிட்டால் மாத ஒதுக்கீடு இரண்டாம் நாளே முடியும். நண்பர் எவரிடமாவது அதே விளையாட்டு இருந்தால், வெளி ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் கோப்புறையை நகலெடுத்து வந்து உங்கள் ஸ்டீம் கோப்புறைக்குள் வைக்கலாம். ஸ்டீம் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். விளையாட்டு உங்கள் கணக்கில் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு பொறி: வி.சி. எனப்படும் விளையாட்டு நாணயம். உண்மைப் பணத்துக்கு விற்கிறார்கள். அட்டையைக் கணக்கில் சேமித்து வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொன்ட்ரோலரைக் கொடுக்காதீர்கள். ஸ்கிரீனைத் தடுக்கும் அறிவை வி.சி. கொடுத்து வாங்க முடியாது.

இன்னொன்று: மைகேரியர், மைடீம் போன்ற ஆட்ட வகைகளுக்கு இணையம் வேண்டும். கணினியை எதிர்த்தோ பக்கத்தில் இருப்பவரை எதிர்த்தோ ஆடும் சாதாரண ஆட்டத்துக்கும் பயிற்சிக் களத்துக்கும் வேண்டாம். கீழே சொல்லப்போவதில் பெரும்பங்கை ஒரு எம்பி கூடச் செலவில்லாமல் பழகலாம்.

2. இரண்டு "மாற்றம்" உண்டு: குழப்பிக்கொள்ளாதீர்கள்

மருமகன் சொல்லாமல் விட்ட பிழை இதுதான்.

"ஸ்விட்ச்" என்ற ஒரே சொல்லை இந்த விளையாட்டில் இரண்டு விடயங்களுக்குச் சொல்கிறார்கள். ஒன்று, நீங்கள் இயக்கும் ஆளை மாற்றுவது: ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாடு வேறோர் ஆட்டக்காரருக்குத் தாவும். மற்றது, யார் யாரைக் காவல் செய்வது என்பதை மாற்றுவது: உங்கள் கார்ட் (வெளியே நின்று பந்துக்காரரைக் காக்கும் சிறிய, வேகமான ஆள்) அவர்களுடைய சென்டரை எடுத்துக்கொள்ள, உங்கள் சென்டர் அவர்களுடைய பந்துக்காரரை எடுத்துக்கொள்வது. முதலாவதை நான் கைமாற்றம் என்றும் இரண்டாவதைக் காவல்மாற்றம் என்றும் மனதுக்குள் பிரித்து வைத்திருக்கிறேன்.

கைமாற்றப் பொத்தானை அழுத்தினால் காவல்மாற்றம் நடந்துவிடும் என்று நான்கு மாதம் நம்பியிருந்தேன். நடக்காது. நடப்பது இது: நீங்கள் கார்டை இயக்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கிரீன் வருகிறது. பொத்தானை அழுத்துகிறீர்கள். இப்போது உங்கள் கையில் சென்டர். அவரைப் பந்துக்காரரை நோக்கி ஓட்டுகிறீர்கள். ஆனால் கணினியின் கைக்குப் போன கார்டுக்குத் தன் காவல் மாறியது தெரியாது. அவரும் பழையபடி பந்துக்காரரையே துரத்துகிறார். ஒருவருக்கு இருவர். ரோல் செய்தவருக்கு ஆளே இல்லை.

என் பெருவிரல் பழக்கதோஷத்தில் அந்தப் பொத்தானுக்கே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கைக்காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு சிறு துண்டு வெட்டி எக்ஸ் பொத்தானின் மேல் ஒட்டினேன். விரல் பட்டதும் சொரசொரப்புத் தெரியும்; அந்த அரை நொடியில் "வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்வேன். மருமகன் சிரித்தான். இரண்டு கிழமையில் தோல்வி பாதியாயிற்று.

3. விரல் பழக வேண்டிய பொத்தான்கள்

காவலில் இருக்கும்போது எது என்ன செய்யும் என்பதைப் பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலரின் பெயர்களால் சொல்கிறேன். எக்ஸ்பொக்ஸ் வகைக்கு அடைப்புக்குள் இருப்பது.

எல்2 (எல்டி): நெருங்கிக் காவல். ஆர்2 (ஆர்டி): ஓட்டம். எக்ஸ் (ஏ): கைமாற்றம். ஆர்1 (ஆர்பி): இதை அழுத்தினால் ஒவ்வோர் ஆட்டக்காரரின் தலைக்கு மேலும் ஒரு பொத்தான் குறி தோன்றும், வேண்டியவரின் குறியை அழுத்தினால் நேரே அவரிடம் போகலாம். எல்1 (எல்பி) அழுத்திப் பிடித்தால் இரண்டாவது ஆள் பந்துக்காரர் மேல் பாய்வார். வலது குச்சி கையை உயர்த்த.

எக்ஸ் பொத்தானின் குறை, யாரிடம் தாவுவது என்பதை விளையாட்டே தீர்மானிப்பது. கூட்டம் நெருக்கமாக இருக்கும் ஸ்கிரீன் நேரத்தில் அது தவறான ஆளிடம் போகும். ஆர்1 வழி இரண்டு அழுத்தம் என்றாலும் நிச்சயம். ஸ்கிரீன் வந்தபின் அல்ல, எதிரணி பந்தை நடுக்கோட்டுக்கு மேலே கொண்டுவரும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

மலிவுக் கொன்ட்ரோலரில் இடது குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கும். தாக்குதலில் அது தெரியாது. காவலில் ஒரு அடி பிசகினாலும் தெரியும். வாங்கும் கடையிலேயே குச்சியைத் தொடாமல் வைத்து, ஆட்டக்காரர் நகர்கிறாரா என்று பாருங்கள்.

4. யாரை இயக்குவது?

அனுபவசாலிகள் பந்துக்காரரைப் பிடிப்பவரையே நீங்கள் இயக்க வேண்டும் என்பார்கள். புதியவருக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன்: முதல் ஒரு மாதம், மறிக்க வருபவரைக் காக்கும் ஆளை இயக்குங்கள். பெரும்பாலும் அது உங்கள் சென்டர்.

காரணம் எளிது. ஸ்கிரீனில் மோதிச் சிக்கும் வேலை கார்டினுடையது. உங்கள் கையில் கார்ட் இருந்தால், ஆர்2-ஐ அழுத்தியபடி நேரே மறிப்பவரின் மார்பில் கொண்டுபோய் மோதுவீர்கள். மோதிய உடனே ஒட்டிக்கொள்ளும் அசைவு ஒன்று ஓடும். அது முடியும்வரை உங்கள் குச்சிக்கு அவர் கீழ்ப்படிய மாட்டார். கணினி கார்டை ஓட்டினால் இந்தத் தவறை உங்களைவிடக் குறைவாகச் செய்யும். சென்டரின் வேலையோ பெரும்பாலும் இடம்பிடித்து நிற்பது. நிற்கப் பழகுவது ஓடப் பழகுவதைவிட விரைவில் வரும்.

பிறகு கார்டை எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: மறிப்பவர் இரண்டு அடிக்குள் வந்ததும் எல்2, ஆர்2 இரண்டையும் விடுங்கள். வெறும் இடது குச்சியால், வரம்பில் நடப்பதுபோல் அவரைச் சுற்றி வாருங்கள். தாண்டியதும் ஓடுங்கள்.

5. கணினிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்

உங்கள் கையில் ஒருவர்தான். மற்ற நால்வரும் பயிற்றுநர் அமைப்பில் நீங்கள் குறித்ததைச் செய்வார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் வரும் பட்டியலில் தற்காப்பு அமைப்புகள் என்ற பக்கத்தைத் தேடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு இடமும் பெயரும் கொஞ்சம் மாறும், உள்ளடக்கம் இவைதான்.

ஓவர்: கார்ட் பந்துக்காரரோடு ஒட்டி, ஸ்கிரீனின் மேற்பக்கத்தால் வருவார். தூரத்திலிருந்து எறிபவருக்கு இதுதான். ஸ்டெபன் கரி எதிரில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

அண்டர்: ஸ்கிரீனுக்குக் கீழ்ப்பக்கத்தால், வளையப் பக்கமாக வந்து முன்னால் மறிப்பார். தூர எறிதல் வராதவருக்கு. வேகமாக வளையத்தை நோக்கி ஓடும் ஆளுக்கு வழி அடைபடும். அவர் மூன்று புள்ளி எறிந்தால் எறியட்டும் என்று விடுவது. கரிக்கு அண்டர் போட்டால் விடிய விடிய மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டிருக்கலாம். நான் எண்ணியிருக்கிறேன்.

ஸ்விட்ச்: காவல்மாற்றம். இதற்கு அடுத்த பகுதி முழுவதும்.

ஹெட்ஜ்: சென்டர் ஒரு கணம் வெளியே பாய்ந்து பந்துக்காரரைத் தாமதிக்கச் செய்துவிட்டுத் தன் ஆளிடம் ஓடுவார். இடையில் ரோல் செய்பவர் சற்றுத் திறந்திருப்பார்.

டிரொப்: சென்டர் மேலே வராமல் வளையத்துக்கு அருகிலேயே காத்திருப்பார். ரூடி கோபேர் போல உயரமும் நீண்ட கையும் உள்ளவருக்குப் பொருந்தும். நடுத்தூர எறிதலை விட்டுக்கொடுக்கும் பேரம் இது. எவரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல், வளையத்துக்கு முன்னால் வண்ணம் பூசிய வண்ணப் பகுதிக்குள் மூன்று நொடி நின்றால் தவறு என்பதை மறக்கக்கூடாது.

பிளிட்ஸ்: இருவரும் பந்துக்காரர் மேல் பாய்வது. மிச்சம் மூவர் நால்வரைக் காக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் வைத்திருந்தால் எதிரி இரண்டாவது பாஸில் உங்களைச் சுருட்டிவிடுவார்.

ஐஸ்: ஸ்கிரீன் களத்தின் ஓரத்தில் வரும்போது, நடுப்பக்கத்துக்கு விடாமல் ஓரக் கோட்டுப் பக்கமே தள்ளுவது. மாட்டைப் பட்டியின் மூலைக்கு ஓட்டுவது போல.

"ஆட்டோ" என்று விட்டுவிடலாமா? முதல் கிழமை விடலாம். அதற்குப் பிறகு கூடாது; கணினி என்ன செய்யப்போகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் அதற்குத் துணையாக நீங்கள் எதையும் செய்ய முடியாது. அமைப்பை எதிரணி முழுவதற்கும் ஒன்றாக வைக்காமல் ஆளுக்கு ஆள் வையுங்கள். ஆட்டத்துக்கு முன் மூன்று நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்: எறிபவருக்கு ஓவர், எறியாதவருக்கு அண்டர். என்னுடைய ஆட்டம் மாறியது இந்த மூன்று நிமிடத்தால்தான்.

ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும்போது "பிக் டோஜர்" என்ற திறன் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளவர் ஸ்கிரீனை நழுவிக் கடப்பார். எதிரியின் சென்டரிடம் "பிரிக் வோல்" இருந்தால், பெயருக்கேற்பச் செங்கல் சுவர்தான். அவர் வைக்கும் ஸ்கிரீனில் ஓவர் போவது கடினம்.

6. காவலை மாற்றுவது எப்போது, மாற்றியபின் என்ன?

எல்லா ஸ்கிரீனுக்கும் மாற்றிவிட்டால் நிம்மதி என்று தோன்றும். உங்கள் ஐவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வேகம் என்றால் சரி. ட்ரேமண்ட் கிரீன், பாம் அடெபாயோ போன்றவர்கள் உங்கள் சென்டர் இடத்தில் இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். சிறியவர்களுக்கு முன்னாலும் அவர்கள் நிற்பார்கள். மெதுவான உயரக்காரர் என்றால் எதிரி உங்கள் பலவீனத்தைத் தேடிப் பிடிப்பார்.

2016 ஜூன் 19 அன்று நடந்த என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இது உண்மையிலேயே நடந்தது. கிளீவ்லாண்டும் கோல்டன் ஸ்டேட்டும் 89–89. கிளீவ்லாண்டின் கைரி ஏர்விங்கைக் காத்துக்கொண்டிருந்தவர் கோல்டன் ஸ்டேட்டின் க்ளே தொம்ப்சன். ஒரு ஸ்கிரீன், காவல் மாறி ஏர்விங்குக்கு முன்னால் கரி. 53 நொடி மீதமிருக்க, கரியின் தலைக்கு மேலால் ஏர்விங் மூன்று புள்ளி எறிந்தார். 93–89 என்று கிளீவ்லாண்ட் கிண்ணத்தை எடுத்தது. எதிரி யாரை உங்கள் காவலில் நிறுத்த விரும்புகிறார் என்பதுதான் ஸ்கிரீனின் உள்நோக்கம். மருமகன் இதை எங்கே படித்தானோ தெரியாது. என் அணியில் யார் மெதுவானவரோ அவருடைய ஆளைக் கொண்டுதான் ஒவ்வொரு முறையும் மறிப்பான்.

மாற்றியபின் இரண்டு இடத்தில் ஆபத்து.

மேலே: உங்கள் சென்டருக்கு முன்னால் வேகமான கார்ட். ஒட்டாதீர்கள். எறியத் தெரிந்தவருக்கு ஒரு கை தூரம், தெரியாதவருக்கு இரண்டு எட்டுத் தூரம். ஆர்2-ஐத் தொடவே வேண்டாம். நீங்கள் ஓடினால் அவர் ஒரு குறுக்குத் திருப்பத்தில் கடந்துவிடுவார். பந்தைத் தட்டிப் பறிக்கவும் போகாதீர்கள். அவர் எறியத் துள்ளும்போது வலது குச்சியால் கையை உயர்த்தினால் போதும். முக்கோணப் பொத்தானை அழுத்திக் குதிக்க ஆசை வரும். பொய்யாகத் துள்ளிக் காட்டி உங்களை ஆகாயத்தில் அனுப்பிவிட்டு நடந்து போவார்.

கீழே: உங்கள் சிறிய கார்டுக்கு மேல் அவர்களுடைய சென்டர். இதை எல்லோரும் மறக்கிறோம், கண் பந்தோடு மேலேயே இருப்பதால். அந்தக் கார்டைப் பந்துக்கும் சென்டருக்கும் நடுவில் நிறுத்துங்கள், பின்னால் அல்ல. உயரத்தால் வெல்ல முடியாது. பந்து அவரிடம் போகும் பாதையைத்தான் அடைக்கலாம். மீறிப் போய்விட்டால், அவர் பந்தைத் தரையில் தட்டத் தொடங்கியபின் எல்1. பிடித்த உடனே எல்1 அழுத்தினால் திறந்திருப்பவருக்குப் பாஸ் போய்விடும்.

பந்து மறுபக்கம் போனதும் பழைய காவலுக்குத் திரும்ப நல்ல நேரம். கணினி பெரும்பாலும் தானாகவே செய்யும். நீங்கள் ஆர்1 அழுத்தி இடையில் புகுந்தால் குழம்பும். ஒரு நொடி கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

7. எந்த நொடியில் தீர்மானிப்பது?

ஒரு தாக்குதலுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டும் 24 நொடிக் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலானோர் பந்தைக் கொண்டுவந்ததும், ஏறக்குறைய 18 இருக்கும்போது முதல் ஸ்கிரீனை அழைப்பார்கள். அது சரிவராவிட்டால் 8, 7-இல் இன்னொன்று. இந்த இரண்டு இடத்திலும் விழிப்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எதிரி ஸ்கிரீனை அழைத்ததும் அவருடைய சென்டர் வண்ணப் பகுதியை விட்டு மேலே நடக்கத் தொடங்குவார். அந்த முதல் இரண்டு எட்டுத்தான் உங்கள் அறிவிப்பு. எந்தப் பக்கத் தோளுக்கு வருகிறார் என்று பாருங்கள். கார்ட் கையில் இருந்தால் அந்தப் பக்கமாக அரை அடி முன்னே நகர்ந்து, அவர் வந்து நிற்கும் இடத்தில் நீங்கள் இல்லாதபடி செய்யுங்கள். வந்து நின்றபின் யோசிப்பவருக்கு மிஞ்சுவது வைக்கோல்.

பக்கவாட்டாகப் பார்க்கும் "பிரோட்காஸ்ட்" கமராவில் இந்த நடை தெரியாது. ஆட்கள் ஒருவர் பின்னால் ஒருவர் மறைவார்கள். நெட்டாகப் பார்க்கும் "2கே" கமராவுக்கு மாற்றுங்கள். செலவில்லாத திருத்தம்.

8. பத்துக்குப் பத்துப் பயிற்சி

இரண்டாவது கொன்ட்ரோலர் ஒன்று வாங்க முடிந்தால், வி.சி.க்கு நினைத்த பணத்தை அதில் போடுங்கள். நண்பரோடு உட்காருங்கள். அவர் பத்துத் தடவை ஸ்கிரீன் மட்டும் வைத்து ஆடட்டும். நீங்கள் பத்தும் ஓவர். பிறகு இடம் மாறுங்கள். அடுத்த நாள் பத்தும் அண்டர். மூன்றாம் நாள் பத்தும் ஸ்விட்ச். பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டு, பத்தில் எத்தனை தடவை எதிரிக்குத் திறந்த எறிதல் கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள். பந்து உள்ளே போனதா என்பது வேண்டாம். அது அவருடைய அதிர்ஷ்டம்.

என் கொப்பியில் முதல் கிழமை ஸ்விட்ச் பக்கத்தில் பத்துக்கு எட்டு என்று இருக்கிறது. ஆறாவது கிழமை பத்துக்கு மூன்று. நாளுக்கு இருபது நிமிடம்தான். ஆள் இல்லாத நாளில் கணினியை எதிரியாக வைத்து "புரோ" நிலையில் ஆடுங்கள். எளிதான "ரூக்கி" நிலையில் அது தரும் தாக்குதலை வைத்துக் காவலைப் பழக முடியாது.

ஆட்கள் சேர்ந்து ஒரே அணியாக ஆடினால் வாயைத் திறவுங்கள். வற்றாப்பளைப் பொங்கல் கூட்டத்தில் பிள்ளையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கொடுக்கும்போது "பிடித்துவிட்டாயா?" என்று கேட்காமல் விடுவோமா? காவல்மாற்றமும் அப்படித்தான். ஒருவர் "மாற்று" என்கிறார், மற்றவர் "எடுத்தேன்" என்கிறார். இரண்டாவது சொல் கேட்கும்வரை முதலாமவர் தன் ஆளை விடக்கூடாது.

9. இணையத்தில் ஆடும்போது

சேவையகம் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் அழுத்துவதற்கும் ஆட்டக்காரர் அசைவதற்கும் இடையில் ஒரு சிறு தாமதம் இருக்கும். தாக்குதலில் அதைச் சமாளிக்கலாம், ஸ்கிரீனில் முடியாது. ஆகவே இணையத்தில் ஓவரைக் குறைத்து, டிரொப்பையும் ஸ்விட்சையும் கூட்டுங்கள். நொடிக் கணக்கில் நழுவும் வேலையைவிட, இடம்பிடித்து நிற்கும் வேலை தாமதத்தைத் தாங்கும்.

ரவுட்டரிலிருந்து வயர் போடுங்கள். மாலை ஏழிலிருந்து பத்துவரை எங்கள் பக்கத்தில் இணைப்பு திணறும். அதிகாலை ஐந்து மணிக்கு அதே இணைப்பு வேறு இணைப்பு. மாரியில் இடி முழங்கினால் ஆட்டத்தை விட்டுவிட்டு ரவுட்டர் வயரையும் மின் செருகியையும் கழற்றுங்கள். மின்சாரம் போனால் இணைய ஆட்டம் பெரும்பாலும் உங்கள் தோல்வியாகவே பதிவாகும், சிறிய யூ.பி.எஸ். ஒன்று ரவுட்டரையும் கணினியையும் சில நிமிடம் தாங்கினால், எதிரியிடம் ஒரு சொல் சொல்லி முறையாக முடிக்கலாம்.

10. ஸ்கிரீனே வைக்காத ஸ்கிரீன்

மேலே உள்ளதெல்லாம் கைவந்தபின் எதிரி இதற்கு மாறுவார். சென்டர் மறிக்க வருவதுபோல் நடந்து வருவார். உங்கள் சென்டர் ஹெட்ஜ் செய்ய ஓரடி வெளியே வைத்த அதே கணம், மறிக்காமலே திரும்பி வளையத்துக்கு ஓடுவார். இதற்கு ஸ்லிப் என்று பெயர். ஹெட்ஜும் பிளிட்ஸும் வைத்திருப்பவர்களுக்கே இது வரும். ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை நடந்தால் ஹெட்ஜை நிறுத்தி டிரொப்புக்குப் போங்கள். சென்டர் கீழேயே நின்றால் ஸ்லிப்புக்கு இடமில்லை. எதிரி மறுபடி வெளியிலிருந்து எறியத் தொடங்கினால் ஓரிரண்டு தடவை மட்டும் ஹெட்ஜுக்குத் திரும்பிவிட்டு, உடனே விட்டுவிடுங்கள்.

மருமகன் போன கிழமைதான் இதைக் கண்டுபிடித்தான். ஐந்து தடவை தொடர்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆறாவது தடவை ஆட்டத்தை நிறுத்தி டிரொப் போட்டபோது, அவன் என் கொன்ட்ரோலரை எட்டிப் பார்த்து, எக்ஸ் பொத்தானில் கறுத்துப்போய் ஓரம் கிளம்பியிருந்த பிளாஸ்டரைக் காட்டி, "இதை இனிக் கழற்றலாம், மாமா" என்றான்.